சீனச் சந்தையில் பேரம் பேசப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து சரக்கு எடுக்க வருடத்துக்கு இரண்டு முறையாவது குவாங்ஜோவுக்கும் ஷென்ஜெனுக்கும் போய் வருகிறேன். நடுவில் பெய்ஜிங், ஷாங்காய் என்று சுற்றியதும் உண்டு. தெரிந்தவர் யாராவது முதல் முறை போகிறார் என்றால் போனில் இதே கேள்விகள்தான் வரும். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கணக்குக்கு, ஒரு யுவான் என்றால் நம் ரூபாயில் 12, 13 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் எந்தக் கடையிலும் பேரம் பேசலாமா?

இல்லை. சூப்பர் மார்க்கெட், மால், ஹோட்டல், மருந்துக்கடை, பிராண்ட் கடை எதிலும் பேச முடியாது. ஸ்கேன் செய்வார்கள், காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே போய் 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று நின்றால், தி.நகர் ஜவுளிக்கடையில் பில் கவுண்டரில் பேரம் பேசுகிறவரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். ஆனால் விலைச்சீட்டே இல்லாத கடையிலும், சீட்டு இருந்தாலும் கையில் கால்குலேட்டரோடு வாசலில் நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கிற கடையிலும் பேசாமல் வாங்கினால் யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் எங்கே போகலாம்?

பெய்ஜிங்கில் வெளிநாட்டுக்காரர் எல்லோரும் போவது பட்டுச் சந்தை, சீனத்தில் ஷியூஷுயி. மெட்ரோ ஒன்றாவது தடத்தில் யோங்ஆன்லி நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே விட்டுவிடும். முன்பு சந்துக்குள் திறந்தவெளிக் கடைகளாக இருந்தது, 2005-இல் பல மாடிக் கட்டடத்துக்குள் போனது. சொர்க்கக் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஹோங்சியாவ், முத்துக்குப் பேர் போனது. பழைய சாமான், அரும்பொருள் என்றால் பான்ஜியாயுவான். அதற்குச் சனி, ஞாயிறு போக வேண்டும்.

ஷாங்காயில் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியக மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே, பூமிக்கடியில், ஒரு சந்தை இருக்கிறது. நகருக்குள் இருந்த ஷியாங்யாங் சந்தையை 2006-இல் மூடிய பிறகு அங்கிருந்த வியாபாரிகள் பலர் இங்கேயும் மற்ற இடங்களிலுமாகப் பிரிந்து போனார்கள். துணிமணிக்கு சிபூ சாலை.

ஷென்ஜெனில் லுவோஹூ வணிக நகரம். ஹாங்காங்கிலிருந்து எல்லை தாண்டினால் கண்ணெதிரே அந்தக் கட்டடம்தான். குவாங்ஜோ ரயில் நிலையத்தைச் சுற்றி பைமா போன்ற துணி மொத்தச் சந்தைகள், கொஞ்சம் தள்ளி ஜான்ஷி சாலையில் செருப்பும் கடிகாரமும். எல்லாவற்றுக்கும் பெரியண்ணன் யிவு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

சொன்ன விலையில் எத்தனை சதவீதம் குறைத்துக் கேட்க வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பாதி கேள், கால்வாசி கேள், பத்தில் ஒரு பங்கு கேள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் அனுபவத்தில் இந்தச் சதவீதக் கணக்கே உதவாது. கடைக்காரம்மா முதலில் சொல்கிற விலை அந்தப் பையின் விலை இல்லை. உங்கள் கைக்கடிகாரம், செருப்பு, நீங்கள் அந்தப் பையைப் பார்த்த பார்வை, கூட வந்த பிள்ளை 'வாங்கித் தாப்பா' என்று சிணுங்கியது, எல்லாவற்றையும் கூட்டிச் சொன்ன விலை. ஒரு கடையில் இரண்டு மடங்கு சொல்வார்கள், பக்கத்துக் கடையில் அதே பைக்குப் பத்து மடங்கு. அதில் பாதி கேட்டால் முதல் கடையில் சரியான விலை, இரண்டாவது கடையில் ஐந்து மடங்கு கொடுத்த ஏமாளி.

அதனால் நான் செய்வது வேறு. வாயைத் திறக்கும் முன்பே, இது எனக்கு எவ்வளவு பெறும், எவ்வளவு கொடுத்தால் ராத்திரி ரூமில் உட்கார்ந்து வருத்தப்பட மாட்டேன் என்று ஒரு தொகையை முடிவு செய்துவிடுவேன். அவர்கள் 500 சொன்னாலும் 5,000 சொன்னாலும் அந்தத் தொகை மாறாது. அதற்குக் கீழே ஆரம்பித்து அதில் நிற்பேன்.

அந்தத் தொகை எப்படித் தெரியும் என்றால், தாவ்பாவ் என்கிற சீன இணையக் கடைச் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் படம் எடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. பொருளைப் படம் பிடித்தால் அதே மாதிரி பொருள் இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று வரிசையாகக் காட்டும். மொழி தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. இதைக் கடைக்குள் நின்று செய்தால் சண்டைக்கு வருவார்கள். இரண்டு கடை தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.

சீனர்களே இதற்கு ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: விற்பவன் வானத்துக்கு விலை கேட்பான், வாங்குபவன் தரையில் நின்று விலை கொடுப்பான். ஆக, அவர்கள் யானை விலை சொல்வதில் அவர்களுக்குக் கூச்சமில்லை, நீங்கள் ஆட்டுக்குட்டி விலை கேட்பதில் உங்களுக்கும் கூச்சம் வேண்டாம்.

எனக்குச் சீனம் ஒரு வார்த்தைகூடத் தெரியாதே?

கால்குலேட்டர் போதும். அவர்கள் தட்டுவார்கள், நீங்கள் அழித்துவிட்டுத் தட்டுவீர்கள், ஒரு மணி நேரம் இப்படியே ஓட்டலாம். சுற்றுலாச் சந்தைகளில் ஆங்கிலம் நன்றாகவே பேசுவார்கள், நம் முகத்தைப் பார்த்ததும் 'நமஸ்தே' என்று இந்தியிலும் ஆரம்பிப்பார்கள்.

ஆனாலும் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள், விலை ஒரு படி இறங்கும். 'துவோஷாவ் சியென்' என்றால் எவ்வளவு. 'தாய் குய் ல' என்றால் ரொம்ப விலை. 'பியென்யி இதியேன்' என்றால் கொஞ்சம் குறைங்க. 'பூ யாவ்' என்றால் வேண்டாம். சட்டையைப் பிடித்து இழுப்பவர்களிடம் இதுதான் அதிகம் தேவைப்படும். கடைக்காரரை 'லாவ்பான்', அதாவது முதலாளி, என்று கூப்பிடுங்கள். கூலிக்கு நிற்கிற பையனைக்கூட அப்படிக் கூப்பிடலாம், சந்தோஷப்படுவான்.

எண்ணில் மட்டும் கவனம். நான்கு 'ஸ்ஸ', பத்து 'ஷ்ர' என்கிற மாதிரி ஒலிக்கும். தெற்கே குவாங்ஜோ பக்கம் பலர் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே சொல்வதால் 14-ஆ 40-ஆ என்று குழம்பும். விரலிலும் காட்டுவார்கள், அது நம் கணக்கு இல்லை: கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துப்பாக்கி மாதிரி நீட்டினால் 8. நான் முதல் தடவை அந்த 8-ஐ 2 என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன். (நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, சீனாவிலும் கால்நடைச் சந்தைகளில் சட்டைக் கைக்குள் விரலைத் தொட்டுப் பேசும் வழக்கம் உண்டு. யார் யாரிடம் கற்றார்களோ.)

உண்மையில் ஒரு பேரம் எப்படி நடக்கும்?

லுவோஹூவில் ஒரு சூட்கேஸ் வாங்கிய கதையைச் சொல்கிறேன். விமானத்துக்குள் கொண்டுபோகிற சின்ன அளவு. 150 யுவானுக்கு மேல் கிடையாது என்று முடிவு செய்திருந்தேன். அந்தம்மா 680 என்று தட்டினார், கூடவே பெட்டியின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார், உடையாதாம். நான் சிரித்துக்கொண்டே 90 தட்டினேன். நெஞ்சில் கை வைத்துச் சரிவதுபோல் நடித்தார், என் தோளில் ஒன்று வைத்தார், 'ஃப்ரெண்ட், யூ கில் மீ' என்றார். 480 ஆனது. நான் சக்கரத்தை உருட்டிப் பார்த்து, ஒன்று லேசாகத் திக்குகிறது என்று காட்டி, 110 என்றேன். 320. உள்ளே ஜிப்பைத் திறந்து மூடினேன், எதுவும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. அவராகவே 260 என்றார். 120 என்றேன். இனிமேல் உன்னிடம் பேச்சே இல்லை என்பதுபோல் கால்குலேட்டரை மேசையில் போட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். நாலாவது கடை தாண்டும்போது பின்னாலிருந்து '200!'. திரும்பவில்லை. '180!'. திரும்பி நின்று, 150, இதுதான் என்னிடம் இருக்கிறது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியைக் கவரில் போட்டார். போட்டுவிட்டு ஒரு சின்னப் பூட்டையும் சும்மா கொடுத்தார். அந்த முகத்தை நம்பி அவருக்கு நஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப்படியாகாமல் ஒருவரும் விற்பதில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீங்கள் ஒரு விலையைக் கேட்டு, அவர்கள் சரி என்றுவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு பின்வாங்கினால் அதுவரை சிரித்த முகம் நிஜமாகவே மாறும், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. வாங்குகிற எண்ணம் இல்லாத பொருளுக்கு வாயைத் திறக்காதீர்கள்.

நடந்து போனால் கட்டாயம் கூப்பிடுவார்களா?

பெரும்பாலும் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லை என்றால் நீங்கள் கேட்ட விலை அவர்கள் அடக்க விலைக்கும் கீழே என்று அர்த்தம். அதுவும் ஒரு தகவல்தானே. அடுத்த கடையில் அதே பொருள் இருக்கும், அங்கே கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். 'மூன்று கடை பார்த்து வாங்கு' என்பது சீனத்திலும் உள்ள சொலவடை.

எந்த நேரத்துக்குப் போவது நல்லது?

காலையில் கடை திறந்ததும். நம் ஊரில் போணி பார்ப்பதுபோல் அங்கேயும் பார்க்கிறார்கள், 'காய்ஜாங்' என்பார்கள். முதல் ஆள் வாங்காமல் போனால் நாள் முழுக்க ஓடாது என்ற நம்பிக்கை இருக்கிறது, அதனால் விலை சட்டென்று இறங்கும். ஆனால் 'உனக்குத்தான் போணி விலை' என்று சாயங்காலம் நாலு மணிக்கும் சொல்கிறவர்கள் உண்டு, அதையும் பார்த்துவிட்டேன். கடை மூடும் நேரமும் நல்லது. ஞாயிறு மதியம் கூட்டத்தில் போய் நின்றால் உங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

250 யுவான் என்று கேட்டேன், கடையே சிரித்தது. ஏன்?

'அர்பாய்வூ', அதாவது இருநூற்றைம்பது, என்றால் சீனத்தில் அரைவேக்காடு, மடையன் என்று திட்டு. 249 கேளுங்கள், இல்லை 260 கொடுங்கள். அவர்களே அந்த எண்ணை வாயால் சொல்லத் தயங்குவார்கள்.

காய்கறி, பழம் வாங்கும்போது?

பெரிய பேரம் கிடையாது, விலை எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அந்த விலை கிலோவுக்கு இல்லை, 'ஜின்' கணக்கு. ஒரு ஜின் 500 கிராம். ஆப்பிள் 6 யுவான் என்று பார்த்து ஒரு கிலோ வாங்கி 12 கேட்டதும் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட்ட நம் ஆட்களை எனக்குத் தெரியும். மொத்தத்தில் வருகிற சில்லறையைத் தள்ளிவிடச் சொல்லலாம், 23.6 என்றால் 23. கொஞ்சம் நிறைய வாங்கினால் நாலு வெங்காயத்தாளைச் சும்மா போடுவார்கள். நம் கொசுறு கறிவேப்பிலையேதான்.

பெரிய பிராண்ட் பைகள் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே?

அவை போலி. ஒரிஜினல் கம்பெனியில் மிச்சமான சரக்கு, பின்வாசல் வழியாக வந்தது என்றெல்லாம் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். 2005 கடைசியில் லூயி விட்டோன், குச்சி, பிராடா, பர்பெரி, ஷனேல் ஐந்தும் சேர்ந்து பட்டுச் சந்தையின் மீது பெய்ஜிங் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தன. அதற்குப் பிறகு சோதனைகள் வந்தன, சரக்கு அலமாரியிலிருந்து பின்னறைக்குப் போனது. 'படத்தில் பார், மேலே வா' என்று தனியறைக்குக் கூப்பிட்டால் நான் போக மாட்டேன். கதவு சாத்திய அறையில் பேரம் பேசினால் நடந்து போகும் வசதி போய்விடும், நம் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். ஊருக்கு வரும்போது கஸ்டம்ஸில் பிடித்தால் பொருளும் போகும். பிராண்ட் பெயர் இல்லாத நல்ல தோல் பை அதே கடையில் அதைவிடக் குறைந்த விலைக்கு இருக்கும், அதைக் கேளுங்கள்.

பட்டு, முத்து இதெல்லாம் அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பட்டு நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாக உருண்டு நிற்கும். நம் காஞ்சிபுரத்துச் சோதனைதான். விற்பவரிடம் நூலைக் கேட்டு அவர் முன்னாலேயே செய்யுங்கள். முத்தை முத்தோடு உரசினால் நறநறவென்று இருக்க வேண்டும், வழுக்கினால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ. ஹோங்சியாவில் கத்தியால் சுரண்டி வெள்ளைப் பொடியைக் காட்டுவார்கள், அது சரியான சோதனைதான், ஆனால் சுரண்டிக் காட்டிய மாலையும் உங்கள் கவரில் விழுகிற மாலையும் ஒன்றுதானா என்று கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். அங்கே விற்பதில் பெரும்பாலானது நன்னீர் முத்து, ஜெஜியாங் மாகாணத்து ஜூஜியில் குளங்களில் வளர்ப்பது. அது மலிவானதுதான், 'கடல் முத்து' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் அசையாதீர்கள். ஜேட் கல் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், எனக்குக் கல் பார்க்கத் தெரியாது, அதனால் வாங்கியதும் இல்லை.

பான்ஜியாயுவானில் மிங் காலத்துப் பீங்கான் கிடைக்குமா?

போன மாதம் சுட்டது கிடைக்கும். ஒருவேளை நிஜமாகவே பழசு என்றால் நீங்கள் அதை எடுத்துவர முடியாது. 1911-க்கு முந்தைய கலைப்பொருட்களைச் சீனாவிலிருந்து கொண்டுபோகப் பொதுவாகத் தடை. எனவே அழகாக இருக்கிறதா, கைக்கு அடக்கமான விலையா என்று மட்டும் பாருங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் வாங்க ஷென்ஜெனின் ஹுவாசியாங்பெய் எப்படி?

நம் ரிச்சி தெருவை அடுக்குமாடியாக்கி, அப்படிப் பல கட்டடங்களை வரிசையாக நிறுத்தினால் ஹுவாசியாங்பெய். ரிச்சி தெருவுக்கும் பர்மா பஜாருக்கும் வருகிற சரக்கில் எவ்வளவோ இங்கிருந்து கிளம்பியதுதான். கேபிள், கவர், உதிரி பாகம் எல்லாம் கொள்ளை மலிவு. ஆனால் இங்கே விலையில் ஏமாறுவது குறைவு, சரக்கில் ஏமாறுவதுதான் அதிகம். ஒரு சந்தையில் இருபது பவர் பேங்க் அள்ளிக்கொண்டு வந்தேன், விலையை நசுக்கோ நசுக்கென்று நசுக்கிவிட்டதாகப் பெருமை வேறு. சென்னையில் பிரித்துப் பார்த்தால் மேலே எழுதிய கொள்ளளவில் பாதிகூட இல்லை, ஒன்றுக்குள் எடை காட்ட மணல் பொட்டலம். 'ஒரு காசுக்கு ஒரு காசுப் பொருள்' என்று அந்தக் கடைக்காரரே சொன்னார், நான்தான் அதைப் பேரத் தந்திரம் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் அங்கேயே செருகிப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. அப்புறம், 2025 ஜூன் 28 முதல் '3சி' என்கிற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்கைச் சீன உள்நாட்டு விமானங்களில் ஏற்ற விடுவதில்லை, வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

யிவுவில் ஒன்றிரண்டு பொருள் மட்டும் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது அதற்கான இடம் இல்லை. 75,000 கடைகளுக்கு மேல் இருக்கிற மொத்தச் சந்தை. ஒரு கடையில் பொம்மை என்றால் பொம்மை மட்டும், ஜிப் என்றால் ஜிப் மட்டும். அங்கே முதல் கேள்வியே எத்தனை அட்டைப்பெட்டி என்பதுதான். பெட்டிக் கணக்கு சொன்னால் ஒரு விலை, ஒன்று போதும் என்றால் வேறு விலை, இல்லையென்றால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சாப்பிடப் போய்விடுவார்கள். நாடகம், தோளில் தட்டுவது எதுவும் கிடையாது. காசுக்கணக்கில், பத்தில் ஒரு யுவானுக்குத்தான் பேச்சு நடக்கும். சும்மா மிரட்டிப் பார்க்க 'அடுத்த தடவை கன்டெய்னர் எடுப்பேன்' என்று சொல்லாதீர்கள், தினம் நூறு பேர் சொல்கிறார்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது?

அங்கே எல்லோரும் போனில் பணம் கொடுக்கிற அலிபே, வீசாட் செயலிகள் இரண்டில் ஒன்றில் நம் விசா, மாஸ்டர் கார்டை இணைத்துக்கொள்ளலாம். அலிபேயில் ஒரு தடவைக்கு 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிக்கும், கீழே என்றால் இல்லை. ஆனால் பேரத்துக்குத் தாள் பணம் நல்லது. 'இவ்வளவுதான் இருக்கிறது' என்று காட்டுவதற்குப் போன் திரை உதவாது. தாள் பணத்தை மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி, ஆனால் பாக்கிச் சில்லறை இருக்காது, பத்தும் இருபதுமாக வைத்திருங்கள். நூறு யுவான் தாள் கொடுத்ததும் 'இது கிழிசல், வேறு கொடு' என்று திருப்பித் தந்தால் அது உங்கள் தாள்தானா என்று பாருங்கள், எனக்கு ஒரு முறை கள்ளநோட்டு மாறி வந்தது. கொடுக்கும் முன் கடைசி நாலு எண்ணைச் சத்தமாகப் படித்தால் அந்த விளையாட்டு நடக்காது.

மாணவர்கள் போல இருந்தார்கள், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும், டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டார்கள்...

போகாதீர்கள். பெய்ஜிங் வாங்ஃபுஜிங், ஷாங்காய் நான்ஜிங் சாலைப் பக்கம் வெகுநாளாக நடக்கிற வேலை. நாலு கிண்ணம் டீக்குப் பல நூறு யுவான் பில் வரும்.

வாங்கியதைத் திருப்பித் தரலாமா?

இந்தச் சந்தைகளில் மறந்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று சட்டமே இருக்கிறது, கடைக்கு அது பொருந்தாது. நிஜமாகவே மோசடி என்றால் 12315 என்ற நுகர்வோர் புகார் எண் உண்டு. பல கடைக்காரர்கள் அந்த எண்ணைச் சொன்னாலே கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

சீனர்களே இப்படிப் பேரம் பேசுகிறார்களா?

வயதானவர்கள் பேசுவார்கள், அதுவும் நம்மை எல்லாம் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு. இளைஞர்களுக்குப் பொறுமையில்லை, போனில் தட்டிவிடுகிறார்கள். ஆனால் பேரம் அங்கேயும் விடவில்லை. 2015-இல் தொடங்கிய பின்துவோதுவோ என்கிற இணையக் கடைச் செயலியில் 'ஒரு வெட்டு வெட்டு' என்று நண்பர்களுக்கு இணைப்பு அனுப்பினால், ஆளுக்கொரு தட்டுத் தட்ட விலை இறங்கிக்கொண்டே வரும். பேரம் பேசுவதற்குச் சீனத்தில் பேச்சுவழக்குச் சொல்லே 'விலையை வெட்டுவது' என்பதுதான். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி தன் தங்கையோடு பேசாமல் இருக்கிறார், கேட்டால், அந்த இணைப்பைத் தினம் பத்துத் தடவை அனுப்புகிறாளாம்.

வாங்கி முடித்த பிறகு அடுத்த கடையில் விலை விசாரிக்கலாமா?

என் கூட வந்த நண்பர் விசாரித்தார். ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி 300-லிருந்து 70-க்குக் கொண்டுவந்த சால்வை அது. அடுத்த கடையில் கேட்ட உடனே 45 என்றார்கள், பேரமே பேசாமல். திரும்பி வரும்போது மெட்ரோவில் பதினோரு நிலையம், மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹோட்டல் லிஃப்டில் மட்டும், 'அது வேற குவாலிட்டி' என்றார்.